அறுபது கடந்தவர்களுக்கு வாட்ஸ்அப் எப்படி?

1946க்கும் 1964க்கும் இடையில் பிறந்தவர்கள் இன்லண்ட் லெட்டர், தந்தி, டிரங்க் கால், எஸ்டிடி பூத் எல்லாவற்றையும் பயன்படுத்தியவர்கள். அவை ஒவ்வொன்றாக ஓய்ந்ததையும் பார்த்தவர்கள். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றது. பேரப்பிள்ளை முகம் பார்ப்பது, சம்பந்தி வீட்டு விசேஷம், கூடப் படித்தவர்களோடு அரட்டை, மருந்துக்கடைக்குச் சீட்டு அனுப்புவது என்று இப்போது எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். இந்த வயதினருக்கு இதைவிடப் பொருத்தமான செயலி இன்று இல்லை. ஆனால் இன்ஸ்டால் செய்து அப்படியே கையில் கொடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் சில விஷயங்களை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இதில் இருப்பதிலேயே சிறந்த வசதி வாய்ஸ் மெசேஜ். டைப் செய்ய வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம், எதிராளி வேலையாக இருக்கிறாரோ என்ற தயக்கமும் வேண்டாம். சிக்கல் மைக் பட்டனில்தான். பேசி முடிக்கும்வரை அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் சற்று எடுபட்டால் பாதிப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். இடப்பக்கம் நழுவினால் பேசியது மொத்தமும் அழிந்துவிடும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. அழுத்தியவுடன் விரலை மேலே தள்ளிவிட்டால் பூட்டு விழும். பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசி, கடைசியில் அம்புக்குறியைத் தொட்டால் போதும். இந்த ஒன்றை மட்டும் நாலைந்து தடவை செய்ய வைத்துப் பழக்குங்கள்.

கேட்கும்போது வரும் குழப்பம் வேறு. "சத்தம் திடீரென்று நின்றுபோகிறது, திரையும் கறுத்துவிடுகிறது" என்பார்கள். போனில் கோளாறு இல்லை. திரைக்கு மேலே உள்ள சென்சாரைக் கை மறைத்தால், காதில் வைத்துக் கேட்பதாக எண்ணி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு காது ஒலிபெருக்கிக்கு மாறிவிடும். போனைக் கீழ்ப்பாதியில் பிடித்தால் சரியாகும். பேசும்போது அதே கீழ்ப்பாதியில் உள்ள மைக் துளையை உள்ளங்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து சிறிதாக இருந்தால் ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சாட்ஸ், ஃபான்ட் சைஸ் போய் லார்ஜ் வையுங்கள். அது அரட்டைக்குள் உள்ள எழுத்தை மட்டும்தான் பெரிதாக்கும். மற்றவற்றுக்கு போனின் டிஸ்பிளே செட்டிங்ஸிலேயே எழுத்தைக் கூட்ட வேண்டும்.

வீடியோ காலில் 32 பேர் வரை சேரலாம். ஆனால் ஆறேழு பேரைத் தாண்டினால் முகங்கள் சிறுத்து, ஒருவர் பேச்சை ஒருவர் விழுங்கிவிடுவார்கள். அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளுக்கென்று தனியாக ஒரு சிறு குரூப் வைத்துக்கொள்வது நல்லது. மணி அடிக்கும்போது எடுக்க முடியாமல் போனாலும், கால் முடியும்வரை அந்தக் குரூப்பைத் திறந்து சேர்ந்துகொள்ளலாம்; இது பலருக்குத் தெரிவதில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருநிழலாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

குடும்பக் குரூப்தான் கவலை தருகிறது. குட் மார்னிங் படங்களுக்கு நடுவே ஒரு துஷ்டிச் செய்தி புதைந்துபோய், சாவுக்குப் போக முடியாமல் மனஸ்தாபம் வரும் வீடுகள் உண்டு. பிறப்பு, இறப்பு, கல்யாணத் தேதி இவற்றுக்கு மட்டும் இன்னொரு குரூப் தொடங்கி, அட்மின் மட்டுமே எழுதும்படி வைத்துவிடலாம். அரட்டைக் குரூப்பை மியூட் செய்தாலும் இதை மியூட் செய்யக் கூடாது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அதை ஒரு தடவைக்கு ஒரே சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்தக் குறியைப் பார்த்தாலே, குறிப்பாக வைத்தியக் குறிப்பாக இருந்தால், அனுப்பாமல் விடுவதே உறவுகளுக்குச் செய்யும் நல்லது.

போன் நிரம்பிப்போவதற்கும் குரூப்பில் வரும் இந்தப் படங்களும் வீடியோக்களும்தான் காரணம். வைஃபையில் எல்லா வீடியோவும் தானாக இறங்கும்படிதான் வருகிறது. ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் ஆட்டோ டவுன்லோடைப் படங்களுக்கு மட்டும் வைத்தால் போதும். அதே பக்கத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் திறந்தால் 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாகத் தெரியும். மாதம் ஒருமுறை அழிக்கலாம், குழந்தைகளின் படங்களை எடுத்து வைத்த பிறகு.

அடுத்தது பாதுகாப்பு. ஆறு இலக்க ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. கூடப் படித்தவர் பெயரில் வந்து கேட்டாலும்தான். அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கலாம். அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (ஓடிபியோடு பின் எண்ணையும் கேட்கும் கூடுதல் பூட்டு) போட்டு, இமெயிலையும் சேர்த்துவிடுங்கள். இமெயில் கொடுக்காமல் பின் எண்ணை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். பிரைவசியில் குரூப்ஸ் போய் மை காண்டாக்ட்ஸ் வைத்தால், முன்பின் தெரியாதவர்கள் பங்குச் சந்தைக் குரூப்களில் இழுத்துப்போட முடியாது. அங்கேயே கால்ஸ் பகுதியில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கலாம். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவர்களுக்கு இது நல்ல தடை. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும்.

நண்பர் அவசரமாகப் பணம் கேட்டால் வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் சாதாரண போனில் அழைத்துக் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் கவருக்குள் வைத்துக் கொடுங்கள்.