நிலாவெளி மணலா, தம்பலகாமம் வயலோரமா?

லீவுக்குப் போய்த் தங்க இரண்டு அறை வீடு. தண்ணீர், கரண்ட், கறிக்குக் காய் எல்லாம் வளவுக்குள்ளேயே. இந்த யோசனையோடு திருகோணமலையில் காணி தேடுகிறவர்கள் முதலில் நிலாவெளிக்குத்தான் போவார்கள். நாங்களும் போனோம். கடலைக் கண்டதும் பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். மச்சான் மட்டும் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

கரையோர மணலில் நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத்தான் நிற்கும். வாளியால் அள்ளும்வரை தாங்கும்; மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அப்புறம் மழைநீர்தான் கதி. மழையோ பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தைக்குள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, அடிக்கிற மாதங்களுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். நான்கு பேர், ஆளுக்கு 40 லீற்றர், 120 நாள் என்றால் 19,200 லீற்றர். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர்; ஆகவே 50 சதுர மீற்றர் கூரைக்கு, வீணாவதையும் சேர்த்து 500 மில்லிமீற்றர் மழை போதும். மாரியில் அது கிடைத்துவிடும். செலவெல்லாம் தாங்கி கட்டுவதில்தான். கிடுகுக் கூரை குளிர்ச்சி, ஆனால் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வரும். தகரத்தை உப்புக்காற்று தின்றுவிடும். ஓடுதான் சரி. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

தம்பலகாமம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் நிலம். நாங்கள் பார்த்த வளவில் கிணறு நல்ல தண்ணீர். கத்தரி, வெண்டி, முருங்கை, நாலு கோழி என்று வைத்தால் சந்தைக்குப் போகிற வேலை பாதி குறையும். வில்லங்கம் யானை. வாழை வைத்தால் அழைப்பிதழ் கொடுத்த மாதிரி. பக்கத்து வேலியில் கிடந்த தென்னங்கன்று நடுக்குருத்து உருவப்பட்டு, வெற்று மட்டையாகக் கிடந்தது. வாழையை மறந்து, எலுமிச்சையும் மிளகாயும் வைக்கலாம் என்றார் மச்சான். நுளம்பும் உண்டு, வலை கட்டினால் போச்சு.

சோலார் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான், தெற்குப் பார்த்து லேசான சரிவு போதும். கரையில் ஆணியும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆபத்து என்று பார்த்தால், கடலுக்கு 2004 சுனாமி. குளத்துக்கும் 1986 இருக்கிறது, அந்த வருஷம்தான் கந்தளாய் அணை உடைந்தது. இரண்டு பக்கமும் மேட்டுக் காணியாகப் பார்த்து, அத்திவாரத்தை உயர்த்திப் போட வேண்டியதுதான்.

தம்பலகாமத்துக்கே முற்பணம் கொடுத்தோம். கடலுக்கு விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பி வரலாம், நல்ல தண்ணீரைத் தினமும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பிள்ளைகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.