கடுப்பு, குடைச்சல், அறுவை: தமிழ் லெக்சிகனில் தேடிப் பார்த்தால்

"செம கடுப்புல இருக்கேன்" என்பதை காலேஜ் பசங்க கண்டுபிடித்த தமிழ் என்று முகம் சுளிப்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தமும் சேர்ந்த பெரிய அகராதி, லட்சத்துக்கும் மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

கடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கடுப்பு, தேள் கொட்டிய கடுப்பு என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்தக் குத்தி உளையும் வலியும், சினமும், வேகமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஒருத்தன் நம்மைக் கடுப்பேற்றும்போது உள்ளே நடப்பதும் அதுதானே! குடைச்சலும் அப்படித்தான், மூட்டில் வந்தால் நோய், ஆபீஸில் மேனேஜர் கொடுத்தால் தொல்லை. எரிச்சல் கண்ணிலும் வரும், மனசிலும் வரும். நம் ஆட்கள் கோபத்தை எப்போதுமே உடம்பு வலியாகத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள், இன்றைய பேச்சுவழக்கும் அந்த வழியில்தான் போகிறது, அதைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேடலில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆங்கில விளக்கத்துக்குள்ளும் தேட முடிவது. vexation (தொல்லை, எரிச்சல்) என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்தப் பொருளுள்ள தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும், யாழ்ப்பாணம், நாஞ்சில் நாடு என்று வட்டாரக் குறிப்புகளோடு. அதில் இறங்கினால் நேரம் போவதே தெரியாது.

குறை என்றால், 1930களோடு நின்றுவிடுகிறது. தொணதொணவென்று பேசுபவரை "அறுக்கிறான்" என்றோம், அப்புறம் அறுக்கும் கருவிகளே வசவாகி ரம்பம், பிளேடு என்று வளர்ந்தது. இந்தப் பிற்காலக் கதையை இங்கே எதிர்பார்க்க முடியாது. இப்போதைய வழக்குக்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதிதான் கைகொடுக்கும். 1992இல் வந்தது, 2020இல் மூன்றாம் பதிப்பு. பேச்சு வழக்கு எது, இலங்கை வழக்கு எது என்று குறித்தே கொடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கலாம், தகும்.

லெக்சிகனில் "கடுப்பேத்துறான்" என்று பேசுகிற மாதிரியே அடித்தால் ஒன்றும் வராது, கடுப்பு என்று தலைச்சொல்லாக அடியுங்கள். செல்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது, கணினியில் பார்ப்பது நல்லது.