படம் பார்த்து விலை சொல்வது: உருளி முதல் வடசேரி நகை வரை

பழைய உருளி (அகன்ற வாய் வெண்கலப் பாத்திரம்), நிலவிளக்கு, ஈட்டி மரப் பெட்டி, பாட்டி கழுத்தில் கிடந்த நகை என்று எதையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி மதிப்புக் கேட்பது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவில், வீடு பூட்டிக் கிடக்கிறது, பாகம் பிரிக்க வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. இந்த முறையை நெடுநாள் கையாண்டவர்களுக்குத் தெரியும்: பொருள் இன்னது என்பதைப் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். விலையில்தான் சறுக்கும். அந்தச் சறுக்கலில் கேமராவின் பங்கு குறைவு, மதிப்பிடுபவரின் பங்கே அதிகம்.

எதற்காக மதிப்பு என்று கேட்காமல் தொகை சொல்பவரை நம்பவே வேண்டாம். ஒரே வெண்கல உருளிக்கு மூன்று விலை உண்டு. பாத்திரக் கடையில் பழசாக எடை போட்டால் ஒன்று. பழம்பொருள் விரும்பி வாங்குபவர் தருவது இன்னொன்று. அதே கனத்தில் புதிதாக வார்த்து வாங்கினால் மூன்றாவது. இன்சூரன்சுக்கு மூன்றாவது பொருந்தும், விற்பதற்குப் பொருந்தாது. பாகப்பிரிவினை என்றால் எல்லா வாரிசுகளுக்கும் ஒரே அறிக்கை, ஒரே நாளில் போக வேண்டும். மூத்தவருக்கு ஒரு தொகை, தங்கைக்கு ஒரு தொகை என்று போனில் சொல்லிவைத்தால் விவகாரம் முன்சீப் கோர்ட்டு வரை போகும்.

மதிப்புச் சொல்பவரே "நானே எடுத்துக்கிறேன்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குறைத்துச் சொன்னால் லாபம் அவருக்கு. கட்டணம் சதவீதத்தில் இருந்தாலும் கோளாறுதான், ஆனால் இது கூட்டிச் சொல்லும் பக்கம் சாயும்: 2 சதவீதம் என்றால் 1 லட்சத்துக்கு 2,000 ரூபாய், அதையே 5 லட்சம் என்று எழுதினால் 10,000. ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசிய கூலிதான் சரி. கடைக்காரரிடமோ வாங்குபவரிடமோ கமிஷன் உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி படம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி முத்திரை எழுத்து கரைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. கேமராவில் லொக்கேஷன் இயங்கினால், நகையோடு சேர்த்து வீடு இருக்கும் இடமும் போய்விடும். அதை அணைத்துவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம், பக்கத்தில் ஸ்கேலும் வெள்ளைத் தாளும். முன், பின், அடி, உள், விளிம்பு, உடைசல் என்று பொருளுக்கு ஆறு படமாவது வேண்டும். தராசில் வைத்து எண் தெரியும்படி ஏழாவது.

உருளிக்கு வீடியோவும் கேட்பது நல்லது. தரையில் வைக்காமல் தொங்கவிட்டு மரக் கரண்டியால் தட்டினால் நல்ல வெண்கலம் நீண்டு ஒலிக்கும். விரிசலோ ஒட்டோ இருந்தால் ஒலி சட்டென்று செத்துவிடும். பச்சைக் களிம்பு எங்கும் ஒரே அளவில் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது புளிப்பூட்டிப் பழசாக்கிய புதுச் சரக்காக இருக்கலாம். நிஜப் பழசில் தேய்மானம் பிடியிலும் அடி விளிம்பிலும்தான் கூடுதலாக இருக்கும்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையில் ஏமாற்றம் அதிகம். வெள்ளியில் கட்டி, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கல் பதிக்கும் வேலை அது. முன்பக்கம் மட்டும் பார்த்து மொத்த எடையையும் தங்கமாகப் பெருக்கினால் கணக்கு பல மடங்கு ஏறும். பின்பக்கப் படம் இல்லாமல் தொகை சொல்லவே கூடாது. கல் கண்ணாடியா கெம்பா (மாணிக்கமா) என்பதைப் படத்தில் தீர்க்க முடியாது. தெரியவில்லை என்றே எழுத வேண்டும். சாதாரண தங்க நகையில் ஹெச்யூஐடி (ஹால்மார்க் நகைக்குத் தரப்படும் தனி அடையாள எண், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு குறி) இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். கையில் சங்கிலி, செயலியில் மோதிரம் என்றால் எண் களவாடப்பட்டது. பழைய நகையில் அந்த எண் இருக்காது. ஹால்மார்க் மையத்தில் சோதிக்கும்வரை 916 (22 காரட்) என்று எழுதித்தர யாருக்கும் உரிமையில்லை.

நாணயத்தில் வேறு கூத்து. திருவிதாங்கூர் நாணயத்தில் 1112 என்று இருந்தால் 900 வருசப் பழசு என்று விலை கேட்பார்கள். அது கேரளப் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கு. அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு 1936-37. இணையத்தில் லட்சம் ரூபாய் என்று கிடப்பதெல்லாம் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஒப்பிட்டுக் காட்ட அது உதவாது.

சில பொருளுக்கு விற்பனை மதிப்பே எழுதக்கூடாது. யானைத்தந்தச் சிமிழ் வந்தால், அதன் வியாபாரமே வனவிலங்குச் சட்டத்தில் தடை என்று சொல்லி முடித்துவிட வேண்டும். 100 ஆண்டு கடந்த சிலை, 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடி (வர்ம ஆசான் வீடுகளில் இன்னும் இருக்கிறது) ஆகியவை 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படியானால் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வளைகுடாவில் இருக்கும் மகன் பார்சலில் கேட்டாலும் பதில் இதுதான்.

அறிக்கையில் நோக்கம், தேதி, எடை, பார்த்த படங்களின் எண்ணிக்கை, பார்க்காத பகுதி இவை இருக்க வேண்டும். ஒற்றைத் தொகையைவிட இத்தனை முதல் இத்தனை வரை என்பது நேர்மையானது. பிடிஎஃப்பாக, ஒவ்வொரு தொகையோடும் அந்தந்தப் பொருளின் படத்தைச் சேர்த்துக் கொடுத்தால், ஒரு உருளியின் மதிப்பை இன்னொன்றுக்குக் காட்டுவது கடினமாகும். அந்த நகைப் படத்தை விளம்பரத்துக்கு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாமா என்று மதிப்பிட்டவர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.