குளச்சல் உப்புக்காற்றில் ஃபிளை ஆஷ் கலந்த எஸ்.சி.சி. காங்கிரீட்: இத்தனை வருஷம் கழித்து

ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். அதற்கு முந்தைய வருஷம் குளச்சல் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டுக்குத் தூண், பீம் எல்லாம் எஸ்.சி.சி.யில் (செல்ஃப் காம்பாக்டிங் காங்கிரீட்) வார்த்தோம். வைப்ரேட்டர் இல்லாமல் தானே ஓடி நிரம்பும் காங்கிரீட். சிமெண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலை, அதாவது ஃபிளை ஆஷை, சேர்த்தோம்.

தூணும் பீமும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கம். வைப்ரேட்டர் ஊசி இறங்கவே இறங்காது. ஜப்பானில் 1986இல் பேராசிரியர் ஒகாமுரா இந்த யோசனையை முன்வைத்ததும் இதே கவலையில்தான்: சரியாகக் குலுக்க ஆள் இல்லையென்றாலும் கட்டடம் நீடித்து உழைக்க வேண்டும். வார்க்கும்போது கொத்தனார், "இதென்ன சாரே, கஞ்சி மாதிரி ஓடுது, பலம் நிக்குமா?" என்று கேட்டார். ஓட்டம் தண்ணீரால் வந்ததில்லை; தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர் பிளாஸ்டிசைசரும், உருண்டையான சாம்பல் துகள்களும் செய்கிற வேலை. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45ஐத் தாண்டவில்லை.

இப்போது தூண்களில் துருக்கறையோ வெடிப்போ இல்லை. சுத்தியலால் தட்டினால் எங்கும் பொள்ளல் சத்தம் வரவில்லை. கிரில் மாட்டத் துளை போட்டபோது உடைந்த ஒரு மூலையில் பினால்ஃப்தலீன் தெளித்துப் பார்த்தேன்; கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை காங்கிரீட்டில் இருந்தால் அது ரோஸ் நிறமாகும். வெளி விளிம்பு மெல்லிசாக நிறமில்லாமல் நின்றது. அதற்கு உள்ளே பளிச்சென்று ரோஸ் நிறம். சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்பைச் சாம்பல் தின்றுவிடுவதால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் வேகமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே வினையில்தான் நுண்துளைகள் அடைபட்டு, உப்பு உள்ளே போவது தடைபடுகிறது. நம்ம கடலோரத்தில் கம்பியைத் தின்பது பெரும்பாலும் உப்புதான்.

அதே வளவில் சாதாரணக் கலவையில் போட்ட மதில் தூண்கள் இப்போதே பிளந்து கம்பி தெரிகிறது. இதைக் காட்டி எஸ்.சி.சி.யைப் புகழ்வது நியாயமில்லை. மதிலில் கவர், அதாவது கம்பிக்கு மேல் மூடியிருக்கும் காங்கிரீட் கனம், 25 மி.மீ.கூட இல்லை, வீட்டுத் தூணில், கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிற 50 மி.மீ. விட்டிருந்தோம். நனைப்பதையும் பதினைந்து நாள்வரை விடவில்லை. சாம்பல் மெதுவாகத்தான் வேலை செய்யும். சீக்கிரம் உலரவிட்டால் அதைப் போட்டதே வீண். ஏழாம் நாள் கியூப் ரிசல்ட்டை (கனசதுரக் காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்ப்பது) பார்த்துப் பதறவும் வேண்டாம், 56ஆம் நாள் பாருங்கள்.

தொல்லைகளும் உண்டு. சென்ட்ரிங் பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகி, ஒரு தூண் அடியில் சல்லி தெரிந்தது. அங்கே மட்டும் பின்னால் பூசவேண்டி வந்தது. தண்ணீர் போல முழு அழுத்தமும் பலகைமேல் விழும், முட்டு இரட்டிப்பாகக் கொடுக்கணும். எம்-சாண்ட் ஈரம் லோடுக்கு லோடு மாறியதால், ஒவ்வொரு லோடுக்கும் ஓட்ட விட்டத்தை, அதாவது கூம்பிலிருந்து விட்டதும் கலவை வட்டமாகப் பரவும் அகலத்தை, அளந்தோம். 650 முதல் 700 மி.மீ. வந்தால்தான் ஊற்றினோம்.

நம்ம ஊரில் பலரும் விரும்பும் சரிவுக் கூரை வார்ப்புக்கு இதைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்கிறேன். மேலே நிற்காது, இறவாரத்துக்கு ஓடி வந்துவிடும்.