கைட்செலீட்டா, ஜெமெஸார்ட்ஸேவா? பால்டிக் தன்னார்வப் படைகள் ஓர் ஒப்பீடு

பால்டிக் நாடுகளின் தன்னார்வப் படைகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஆள்கணக்கில்தான் தொடங்குவார்கள். எஸ்தோனியாவின் கைட்செலீட்டில் ஏறத்தாழ 18,000 பேர். லாட்வியாவின் ஜெமெஸார்ட்ஸேயில் ஏறத்தாழ 10,000 பேர். எஸ்தோனியாவின் மக்கள்தொகை 14 லட்சம்கூட இல்லை, லாட்வியாவுக்கோ 18 லட்சத்துக்கு மேல். ஆக எஸ்தோனியாதான் முன்னே என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது.

சுதந்திரம் மீண்ட பிறகு எஸ்தோனியா கட்டாய ராணுவப் பணியைக் கைவிடவே இல்லை. நெடுங்காலம் அது 8 அல்லது 11 மாதம். பணி முடித்தவர் சேமப்படைப் பட்டியலில் ஏறுகிறார். ஊருக்கு வந்து விரும்பினால் கைட்செலீட்டிலும் சேர்கிறார். போர் அழைப்பு வந்தால், ராணுவ பிரிகேடில் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவில்) இடம் ஒதுக்கப்பட்டவர் அங்கேதான் போக வேண்டும். போலீஸ், தீயணைப்பு வேலையில் இருப்பவர்களை அவர்களுடைய துறையே விடாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கைட்செலீட் தளபதியின் கையில் மிஞ்சுவது பட்டியலில் உள்ள எண்ணிக்கை அல்ல. 2022இல் கைட்செலீட் தலைமையிலான பிரதேசப் பாதுகாப்புப் படையை 10,000இலிருந்து 20,000 ஆக உயர்த்த முடிவெடுத்தபோது, இவருக்குப் போரில் எந்த இடம் என்பதை ஆள் ஆளாகத் தீர்க்க வேண்டியிருந்தது அதனால்தான்.

லாட்வியாவின் கதை நேர் எதிர். அங்கே 2006 இறுதியோடு கட்டாயப் பணி நின்றது. 2023இல்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட 16 ஆண்டுகளும் ஜெமெஸார்ட்ஸேவுக்கு வந்தவர்களில் பலர் துப்பாக்கியைத் தொட்டே இராதவர்கள். அவர்களை அடிப்படையிலிருந்து பழக்க வேண்டும் என்பதால் 5 ஆண்டு ஒப்பந்தம், குறித்த பயிற்சி நாள்கள், அந்த நாள்களுக்குப் பணம் என்று கறாரான ஏற்பாடு. 'எஸ்தோனிய மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்' என்று பேசும் சிறு நாடுகள் கவனிக்க வேண்டிய இடம் இது. கட்டாயப் பணி இல்லாத நாட்டில் அந்த மாதிரி நிற்காது. அதன் அஸ்திவாரமே ஏற்கெனவே பழகிய ஆள்கள்.

சட்டத்திலும் இரண்டும் வேறு. 1991 ஆகஸ்ட் 23 அன்று உருவான ஜெமெஸார்ட்ஸே ஆயுதப் படைகளின் ஓர் அங்கம். ரீகா, விட்ஸெமெ, லாட்கலே, குர்ஸெமெ என நான்கு பிரிகேடுகள். 1918இல் தோன்றி, சோவியத் ஆக்கிரமிப்பில் கலைக்கப்பட்டு, 1990 பிப்ரவரி 17 அன்று யார்வகாண்டியில் மீண்டும் தொடங்கிய கைட்செலீட்டோ பொதுச்சட்ட அமைப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆனால் சங்கம்போல உறுப்பினர் சந்தா உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. சம்பளம் கிடையாது. 'மாலெவ்' எனப்படும் 15 வட்டாரப் பிரிவுகள், பெரும்பாலும் மாவட்ட எல்லையை ஒட்டியவை. பெண்களுக்கு 1927இல் தொடங்கிய நைஸ்கொடுகைட்ஸே தனி. எஸ்தோனியா மீதான 2007 இணையத் தாக்குதலுக்குப் பிறகு சேர்ந்த கணினி வல்லுநர்களுக்கு ஒரு சைபர் பிரிவும் இருக்கிறது; சம்பளம் கொடுத்து அந்தத் தரத்து ஆள்களை ராணுவத்தில் வைத்திருக்க எந்தச் சிறு நாட்டாலும் ஆகாது.

கைட்செலீட்டின் உண்மையான பலம் வீட்டில் இருக்கும் துப்பாக்கி. தகுதி பெற்ற உறுப்பினர் தானியங்கித் துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டிய பெட்டகத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கிடங்கின் மேல் முதல் ஏவுகணை விழுந்தாலும் படை ஆயுதம் இழக்காது. சிக்கல் தோட்டாவில். பழைய ஏகே-4க்கு 7.62 மி.மீ., புதிய ஆர்-20 ராஹேக்கு 5.56. இரண்டும் புழங்கும் காலத்தில் ஒரே பிரிவுக்குள் ஒருவர் தோட்டா இன்னொருவருக்கு உதவாது.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான குறை வார இறுதிப் பயிற்சி. வெள்ளி இரவு 7 மணிக்கு வந்து ஞாயிறு மாலை 3 மணிக்குக் கிளம்பினால் 44 மணி நேரம். ஆயுதம் வாங்குவது, துடைத்துத் திருப்பித் தருவது, பயணம், தூக்கம் போக, பயிற்சிக்குப் பாதி மிஞ்சினால் பெரிது. காவல் சாவடி, பதுங்கித் தாக்குதல், பாலம் காத்தல் இவற்றுக்கு அது போதும். மோர்ட்டார் (சிறு பீரங்கி) குறிவைப்பைப் போன்ற, கை மறந்துபோகும் வேலைகளுக்குப் போதாது.

லிதுவேனியா இரண்டு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. 1919இல் தோன்றிய ஷௌலியு சாயுங்கா சிறுவர்களையும் சேர்க்கும் குடிமக்கள் சங்கம்; காஸ்ப் ராணுவத்துக்குள் இருக்கும் தன்னார்வப் பிரிவு. நல்ல ஏற்பாடுதான், இரண்டும் ஒரே இளைஞனுக்குப் போட்டி போடாதவரை.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 2014இல் அமைந்த அங்குள்ள தன்னார்வப் படை இந்த மூன்றிலும் சேராது. தேசிய சேவைக் கடப்பாடு இல்லாத பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதிய குடிமக்கள் ஆகியோருக்கான வாசல் அது. ஆகவே ஒரே ஆளை இரண்டு பட்டியலில் எண்ணும் சிக்கல் அங்கே எழாது. லாட்வியாவிலும் எஸ்தோனியாவிலும் குடியுரிமை இல்லாதவருக்குச் சீருடை கிடையாது. ரஷ்ய மொழி பேசும் மக்களில் ஒரு பகுதி அதனால் வெளியே நிற்கிறது.

இப்போது லாட்விய இளைஞன் முன் இருக்கும் தேர்வுகளில் இரண்டைப் பார்ப்போம். ஒரே மூச்சில் 11 மாதக் கட்டாயப் பணி. அல்லது ஜெமெஸார்ட்ஸேயில் 5 ஆண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 21 நாள் தனிநபர் பயிற்சி, கூட்டுப் பயிற்சி 7 நாள் வரை. இரண்டாவதைக் கூட்டினால் 140 நாள், முதலாவதன் பாதிகூட இல்லை. வேலையும் வீடும் கலையாது. ஆனால் கூட்டாக நகரவும் சுடவும் பழக அவனுடைய செக்‌ஷனுக்கு (அவன் இருக்கும் சிறு குழுவுக்கு) கிடைப்பது ஆண்டுக்கு அந்த 7 நாள்தான்.