மலையில் கூடாரம், வீட்டில் எது: கோழியா, காளானா, தேனீயா?

சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் பொழுது சாய்வதற்குள் ஏற்காட்டில் கூடாரம் போட்டுவிடலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறி முடித்தால் ஏறத்தாழ 5,000 அடி உயரம். கண்ணங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே மலை முழுசாகத் தெரியும். அதே மாடியில் ஏதாவது வளர்க்க வேண்டும் என்ற ஆசையும் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதும். கூடாரத்துக்குப் போக வீட்டைப் பூட்ட வேண்டும். வளர்ப்பதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும்.

அதனால் கோழி, காளான், தேனீ, மாடித் தோட்டம் நான்கையும் இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: இரண்டு இரவு வீட்டில் யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? செலவு, லாபம், இடம் எல்லாம் அப்புறம்.

முதலில் மலை. எங்கே படுப்பது என்பதிலேயே ஒரு போட்டி இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது, அது சட்டம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகின. 2024-இல் அரசு இணைய முன்பதிவோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம், வழிகாட்டியோடு நடந்துவிட்டு வர நல்ல வழி. கூடாரம் போடத் தனியார் இடம்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது காபித் தோட்டம், இல்லையென்றால் தோட்டத்தை ஒட்டிய திறந்த புல்தரை.

என் ஓட்டு புல்தரைக்கு. காபித் தோட்டம் பார்க்க அழகு, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில் படுக்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் இலை நுனிகளிலிருந்து இரவு முழுக்கச் சொட்டும். மழை பெய்யாமலே கூடாரம் நனைந்துவிடும். சில்வர் ஓக் கிளை வேறு காற்றுக்குச் சட்டென்று முறியும் ஜாதி. புல்தரையில் காற்று அதிகம், குளிரும் கூடுதல், ஆனால் கூடாரத்தின் முளைகளை ஆழமாக அடித்து, வாசல் காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை தனி ஆளுக்குச் சரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஆகாது. முதுகுக்கு அடியில் காற்று ஓடுவதால் கனத்த போர்வை ஒன்றை விரித்தே படுக்க வேண்டும். அத்தோடு தோட்டத்தில் இரண்டு நிழல் மரங்களுக்கு நடுவே காபிச் செடிதான் நிற்கும்.

எந்த இடமானாலும் காட்டெருமை வரலாம். இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக நடக்காதீர்கள். எதிரே பட்டால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை சருகெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். தோட்டக்காரர் சரி என்று சொன்னாலும் விறகு மூட்டாமல் சின்ன கேஸ் அடுப்பில் சமையுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகத் தாமதமாகும், குக்கர் இருந்தால் கவலையில்லை. குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

நாட்டுக்கோழிக்கு ஆசைப்படாதவர் குறைவு. சிறுவிடைக் கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடையில் உட்காரும்; 21 நாளில் குஞ்சு. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. சமையல் கழிவு, கீரைத் தண்டு, கரையான் எல்லாவற்றையும் தின்றுவிட்டு முட்டை தருகிறது. ஆனால் நம் கேள்விக்கு வந்தால் கோழி தோற்றுப்போகிறது. விடிந்ததும் திறந்துவிட ஆள் வேண்டும், இருட்டுவதற்குள் அடைக்க ஆள் வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அடைக்காமல் விட்டால் கீரியோ பூனையோ கணக்கை முடித்துவிடும். மலையடிவாரத்தை ஒட்டிய பகுதிகளில் கீரிக்குக் குறைவே இல்லை. கம்பி வலைக் கூண்டு, தீவனத் தொட்டி, தானாக நிரம்பும் தண்ணீர்க் குவளை என்று எல்லாம் செய்தாலும், சேலத்து ஏப்ரல் வெயிலில் கூண்டுக்குள்ளேயே இரண்டு நாள் அடைத்து வைப்பது அந்த உயிர்களுக்குப் பெரிய வதை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலியாகும். முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போட்டுவிட வேண்டும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கோழிதான் முதல் இடம் என்பேன். எல்லோருமே மலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு வேண்டாம்.

காளான் கணக்கு வேறு மாதிரி. இது சில நாள் உங்களைத் தேடாது, சில நாள் நகரவே விடாது. வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்த வேண்டும். பிறகு பாலிதீன் பையில் வைக்கோலும் காளான் வித்துமாக அடுக்கடுக்காக நிரப்பிக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெள்ளை இழை பை முழுக்க ஓடுவதற்கு இரண்டு, இரண்டரை வாரம். அந்த நாட்களில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மொட்டு தலைகாட்டிய பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஓரம் பழுப்பாகிச் சுருங்கிவிடும்.

இதில் இன்னொரு போட்டி: சிப்பிக் காளானா, பால் காளானா? சிப்பிக்கு 25 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். ஏற்காட்டுக்குப் பொருத்தம். சேலம் நகரத்துக்குள் என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கைகொடுக்கும். பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் இந்த ஊர் வெயிலுக்கென்றே செய்தது போல இருக்கிறது. பையைப் பாதியாக வெட்டி மேலே வேகவைத்த மண் போட வேண்டிய ஒரு வேலை மட்டும் அதிகம். சேலத்தில் ஆரம்பிப்பவருக்குப் பால் காளானையே சொல்வேன். வித்து ஓடும் நாட்களில் மலைப் பயணம், அறுவடை வாரத்தில் வீட்டில் இருப்பு என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். பயிற்சிக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சிப்பிக் காளான் விரிந்து உதிர்க்கும் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது.

மாடித் தோட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்ச் முதல் மே வரை தினமும் தண்ணீர் வேண்டும். டைமர் வைத்த சொட்டுநீர் குழாய் போட்டுவிட்டால் இரண்டு நாள் தாங்கும், போடாவிட்டால் தாங்காது.

கடைசியாகத் தேனீ. என் மனசு இதன் பக்கம்தான், காரணமும் இருக்கிறது. பூட்டிவிட்டுப் போன வீட்டில் தேனீக்கு எந்தக் குறையும் வராது. வாரத்துக்கு ஒரு முறை, பத்து நாளைக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

பொதுவாக வைப்பது இந்தியத் தேனீ. அதை வளர்க்கும் மரப்பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். அதில் கீழே புழு வளரும் அறை, அந்த அறைக்குள் தேனடை கட்டுவதற்கு 7 மரச் சட்டங்கள். மேலே தேன் அறை. பெட்டியைத் தாங்கும் கம்பியின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும், எறும்பு ஏறாமலிருக்க. மூடியைத் தூக்கும்போது அசைவு அதிகமானால் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பைச் சிலிர்த்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். அப்போது கையை அப்படியே நிறுத்தி, புகையை மெல்ல ஒரு முறை விட்டுக் காத்திருக்க வேண்டும். சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அறைகளின் அடியில் அரிசி நுனியை விடச் சின்னதாக முட்டைகள் நிற்பது தெரியும். ஓர் அறைக்கு ஒன்று, நட்டுவைத்தது போல. அது கண்ணில் பட்டுவிட்டால் ராணியைத் தேட வேண்டாம், நலமாக இருக்கிறது என்று மூடிவிடலாம். புழு செத்துப் பை போலத் தொங்கினால் கவனம். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்த ‘தாய் சாக் புரூட்’ (Thai sacbrood) வைரஸின் அடையாளம் அதுதான்.

சேலத்தில் தேனீக்குத் தீனிப் பஞ்சம் குறைவு. தென்னை ஆண்டு முழுக்கப் பூக்கும், முருங்கை உண்டு, கோடைத் தொடக்கத்தில் வேம்பும் புங்கையும் பூக்கும். மலையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் காபி ஒரே வீச்சாகப் பூத்துச் சில நாளில் முடிந்துவிடும். ஏற்காட்டில் அதிகம் இருக்கும் அராபிகா, தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர்தான். இருந்தாலும் தேனீ வந்தால் காய்ப்பிடிப்பு கூடுகிறது. அதனால் தோட்டக்காரர்களிடம் பேசிப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுவது நல்ல யோசனை. கூடாரம் போடப் போகும்போதெல்லாம் பெட்டியையும் பார்த்துவிடலாம். கொண்டுபோவதாக இருந்தால் இருட்டிய பிறகு வாசலை அடைத்து, ஒரே மூச்சில் மலைக்கு ஏற்றிவிடுங்கள். வீட்டு மாடியிலிருந்து தெருமுனை வரைக்கும் மட்டும் நகர்த்தினால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்தையே தேடி வந்து சுற்றும்.

குறைகளும் உண்டு. இந்தியத் தேனீக்குப் பிடிக்காவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். மழை மாதங்களில் பூ குறைந்தால் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சொல்லி, சம்மதம் வாங்கி, பெட்டியின் வாசல் நடைபாதையைப் பார்க்காமல் திருப்பி வைக்க வேண்டும். தேனீ கொட்டினால் ஒவ்வாமை ஏற்படும் ஆள் வீட்டில் இருந்தால் இந்தத் தேனீ வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்குக் கொசுத் தேனீ இருக்கிறது. அதற்குக் கொடுக்கு இல்லை. சின்ன மரப்பெட்டியோ மண் கலயமோ போதும், பால்கனியிலேயே வைக்கலாம். தேன் கொஞ்சம்தான் வரும், ஆனால் தொட்டியில் பூக்கும் காய்கறிகளில் காய்ப்பு கூடலாம்.

ஆகவே எல்லோரும் சேர்ந்து கிளம்பும் குடும்பத்துக்குத் தேனீ, பயணத்தை முன்கூட்டியே திட்டமிடுகிறவர்களுக்குப் பால் காளான், வீட்டில் எப்போதும் ஆள் இருப்பவர்களுக்குக் கோழி. தேனீதான் என்று முடிவு செய்தால் மழை ஓய்ந்ததும், டிசம்பர் ஜனவரியில், நான்கு ஐந்து சட்டம் நிறையத் தேனீ உள்ள கூட்டமாகக் கேட்டு வாங்குங்கள். வேம்பு பூப்பதற்குள் அது பலம் பிடித்துவிடும். பெட்டி நிழலில் இருக்கட்டும். மலைக்குக் கிளம்பும் நாளில் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார நாலு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுப் போங்கள்.