வணிகமும் புலம்பெயர்வும் சேர்ந்த ஒரு ஆன்லைன் கோர்ஸ்: எடுக்கலாமா?

பன்னாட்டு வணிகத்தையும் புலம்பெயர்வையும் ஒரே பாடமாகச் சொல்லித்தரும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்திருக்கிறேன். தாராளமாக எடுக்கலாம், ஆனால் புலம்பெயர்வுப் பகுதிக்காக எடுங்கள். வணிகப் பகுதி பரவாயில்லை ரகம்தான்.

தொடக்கம் வழக்கம்போல 1817இல் பொருளியலாளர் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டு நன்மை, அதாவது தனக்கு ஒப்பீட்டளவில் மலிவாக வருவதைச் செய்து மற்றதை வெளியே வாங்குவது. ஆனால் கணக்கை நம்மையே போட வைக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. ஒரே அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் உழைப்பு, போர்ச்சுகலுக்கு 90. ஒயினுக்கு இங்கிலாந்துக்கு 120, போர்ச்சுகலுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி, அப்புறம் எதற்கு அது துணியை வெளியே வாங்க வேண்டும்? ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் 90 பேர் உழைப்பில் நெய்ய வேண்டிய துணி 80 பேர் உழைப்பில் செய்த ஒயினுக்குக் கிடைக்கிறது, இங்கிலாந்துக்கும் 20 பேர் உழைப்பு மிச்சம். கட்டங்களை நாமே நிரப்பும்போது சட்டென்று பிடிபடுகிறது.

அதற்கப்புறம் ஒரே ஓட்டம். வணிகம் திறந்தால் மொத்தத்தில் நாட்டுக்கு லாபம் என்றாலும் உள்ளே ஒரு தரப்பின் வருமானம் குறையும் என்று 1941இல் பொருளியலாளர்கள் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் காட்டியதை ஒரே படத்தோடு முடித்துவிட்டார்கள். 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, இறக்குமதியோடு போட்டிபோட்ட அமெரிக்க ஆலை ஊர்களில் வேலை இழந்தவர்கள் பெரிதாக வேறு ஊருக்கும் போகவில்லை, சுலபத்தில் வேறு வேலையும் கிடைக்கவில்லை. இழந்தவர் வேறு துறைக்கு மாறிக்கொள்வார் என்று பாடம் எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொள்ளும் அனுமானத்தை உரசிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான், அதை ஒரு பயிற்சிக் கேள்வியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்தது.

புலம்பெயர்வுப் பகுதி வேறு தரம். 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் அமெரிக்கா வந்தார்கள், அவர்களில் பலர் தங்கிவிட்ட மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர் கூலி விழுந்ததா? பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் மற்ற நான்கு நகரங்களோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட பாதிப்பே இல்லை என்றார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நன்றாகவே விழுந்திருக்கிறது என்றார் இன்னொரு பொருளியலாளர் போர்ஹாஸ். அந்தப் பிரிவில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் மிகச் சிலர், அந்த ஆண்டுகளில் சராசரிக் கூலி குறைவாக இருந்த கருப்பினத்தவர் விகிதமும் கணக்கெடுப்பில் கூடியிருக்கிறது, அதனாலேயே சராசரி இறங்கித் தெரியலாம் என்று மறுப்பும் வந்தது. இந்தச் சண்டை முழுவதையும், யாருக்கும் சார்பு எடுக்காமல், ஒவ்வொரு தரப்பும் யாரை எண்ணியது யாரை விட்டது என்று நிதானமாக எடுத்து வைக்கிறார் ஆசிரியர். கூலி பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் இனி முதலில் அதைத்தான் தேடுவேன்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம் பற்றிய பாடம் சுருக்கம், ஆனால் உருப்படி. அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு, உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்துவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வதையும் விளக்குகிறார்கள்.

தேர்வுக் கேள்விகள் சுமார், வரையறையை மனப்பாடம் செய்தாலே போதும். பத்தாம் வகுப்பு அளவுக் கணக்கு தெரிந்தால் சமாளிக்கலாம். ரிக்கார்டோ கணக்கை முடித்துவிட்டு நேராக மரியேலுக்குப் போங்கள், நேரம் இருந்தால் நடுவில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளலாம்.